தொட்டி மேல் கவிழ்ந்த போசி

மாடு பார்ப்பவர் உண்டு, பெண் பார்ப்பவர் உண்டு, மனைக்கு வாஸ்து பார்ப்பவர் உண்டு. கொஞ்ச வருஷமாக நம்மிடையே புதிதாக ஓர் இனம் தலையெடுத்திருக்கிறது: வைஃபை பெட்டிக்கு இடம் பார்ப்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வீடோ காரிய வீடோ, உள்ளே நுழைந்ததும் மற்றவர்கள் மனிதர்களைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் சுவரின் மேல்பக்கத்தையும் பரணையும் டி.வி.க்குப் பின்னாலும் பார்த்து, பச்சை விளக்கு எங்கே மினுக்குகிறது என்று தேடுவார். கண்டுபிடித்ததும் முகத்தைச் சுளிப்பார். "இதை யாருங்க இங்க வெச்சது?" என்பார். பெட்டி எங்கே இருந்தாலும் இந்தக் கேள்வி உண்டு. தண்ணீர்ச் சொம்பை வாங்குவதற்கு முன்னால் பாஸ்வேர்டை வாங்குவார், வாங்கியதும் "இத்தனை லேசாவா வெப்பாங்க?" என்று கடிந்துகொண்டு அதை மாற்றுவார், மாற்றியதை யாருக்கும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பெட்டியின் இரண்டு கொம்புகளையும் பிடித்து ஒன்றைக் கிழக்கே திருப்புவார், இன்னொன்றை வடக்கே திருப்புவார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல அதன் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, "லோடு ஆவுது" என்பார். பிறகு அணைப்பார், கண்ணை மூடிச் சிறிது நேரம் நிற்பார், போடுவார். வேலை செய்தால் இவர் செய்தது. செய்யாவிட்டால் கம்பெனிக்காரன் செய்தது. இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

திருச்செங்கோட்டுப் பக்கத்து இனத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழிலில் கை வைக்காத குடும்பம் குறைவு. ஆகவே எந்தப் புது விஷயம் வந்தாலும் அது கடைசியில் போர்வெல்லாகத்தான் புரியும். அந்த இனத்தில் ஒருவர் சென்னிமலை என்ற பெரியவர், இருபது வருஷம் ரிக்கோடு ஊர் ஊராகச் சுற்றியவர். வண்டியில் இருந்த பங்கை விட்டுவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். வீட்டோடு என்றால் எல்லார் வீட்டோடும் என்று படித்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையத்தில் தங்கை வீட்டு வைஃபை பெட்டியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர் அவர்தான். மேச்சேரியில் சம்பந்தி வீட்டில் அவர் கைபட்ட பிறகு ஆட்டுப்பட்டியில் நான்கு கோடு சிக்னல் கிடைக்கிறது; வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. ஆடுகள் குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

அவர் சொல்வது எல்லாமே தப்பு என்றால் பிரச்சினையே இல்லை. பாதி சரியாக இருக்கும். கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் வயர் மெயின் பைப்பு என்பார்; சரிதான். வைஃபை பெட்டி டேங்க், அங்கிருந்து ரூம் ரூமாகப் பிரியும் என்பார், சரிதான். பாஸ்வேர்டு கேட் வால்வு, திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பிடித்துக்கொள்வான் என்பார், ரொம்பச் சரி. பாறை வந்தால் ரிக் திணறுகிற மாதிரி சுவர் வந்தால் சிக்னல் திணறும் என்பார். இதைவிட எளிதாக எந்த எஞ்சினியரிங் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு வகை அலை கிளம்புகிறது என்பதும் அவருக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்: ஐந்து என்று போட்டிருப்பது சுவர் தாண்டி வெகுதூரம் போகும், ஆனால் வேகம் கம்மி, இரண்டு புள்ளி நான்கு என்பது பக்கத்தோடு நின்றுவிடும், ஆனால் வேகம் அதிகம். இதை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி மதுமதி. சென்னிமலையின் அண்ணன் வீட்டு மருமகள். மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. அலுவலகம் பெங்களூரில், நாற்காலி திருச்செங்கோட்டில். புருஷன் தமிழரசு ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்தான். போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். மகள் இனியா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மாமியார் ராமாயி பேத்தியைப் பார்த்துக்கொள்ள, மதுமதி பின்கட்டு அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தொல்லை. வைஃபை பெட்டி வாசலை ஒட்டிய அறையில் இருந்தது. நடுவில் பழைய காலத்துச் சுவர்கள். மீட்டிங் நடக்கும்போதெல்லாம் மதுமதியின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்துபோய் நின்றுவிடும். மேலதிகாரி பிரீத்தி நல்ல பெண்தான். ஆனாலும் ஒரு நாள் சொல்லிவிட்டாள்: வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர் எதிரில் மதுமதி தன் வேலையைக் காட்டி விளக்க வேண்டும்; அன்றைக்கும் லைன் அறுந்தால் அடுத்த மாதத்திலிருந்து பெங்களூருக்கு வந்து உட்கார வேண்டியதுதான்.

பெங்களூர் என்றால் என்ன? குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் தெரியாத இடத்தில் யாரிடமாவது விட வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் வைஃபை பெட்டி இடம் மாறியாக வேண்டும்.

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த மாமியாரிடம் சொன்னாள்: "அத்தை, அந்தப் பெட்டியை நடு ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சாப் போதுங்க. எல்லா ரூமுக்கும் சரிசமமாப் போவுமுங்க."

அவள் செய்த ஒரே தப்பு, சென்னிமலை அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னதுதான்.

"நடு ஊடா?" என்று டம்ளரைக் கீழே வைத்தார். "பாயிண்டு பாக்காம எப்படிக் கண்ணு எடத்தச் சொல்றே?"

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் முதலில் பாயிண்ட் பார்ப்பார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார்கள். எங்கே தேங்காய் எழுந்து நிற்கிறதோ அங்கே அடியில் ஊற்று. சென்னிமலை கையில் தேங்காய் நிற்கும் என்று ஓமலூர் வரை பேர் உண்டு. அவர் இப்போது செல்போனை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். வாசலில் ஆரம்பித்து, முன்னறை, நடுவீடு, சமையலறை என்று மெல்ல நடந்தார். கண் போனை விட்டு அகலவில்லை. நடுவீட்டில் இரண்டு கோடு. மாடிப்படியில் மூன்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் போய் நின்றதும் எல்லாக் கோடும் எழுந்து நின்றன. சென்னிமலை உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. "ஊத்து இங்கதான் இருக்குது," என்றார்.

பின்னாலேயே வந்த மதுமதி மெதுவாகச் சொன்னாள். "மாமா, அது செல்போன் டவர் சிக்னலுங்க. வைஃபை இல்லீங்க."

"ரெண்டும் ஒரே ஆகாசத்துல இருந்துதான கண்ணு வருது?"

"இல்லீங்க மாமா. நம்முளது வயர்ல வருதுங்க."

"வயரு எங்கிருந்து வருது?"

"கம்பத்துல இருந்துங்க."

"கம்பம் மேல இருக்குதா, கீழ இருக்குதா?"

கம்பம் மேலேதான் இருந்தது. அதை எப்படி மறுப்பது?

"நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இது லைன் சமாச்சாரம். தண்ணிய மேல ஏத்தி உட்டாத்தான் கீழ ப்ரெஷரா எறங்கும். எந்த ஊர்லயாவது டேங்கை நடு ஊட்டுல வெச்சுப் பாத்திருக்கறயா?"

அன்றைக்கே பெட்டி தொட்டி மேல் ஏறியது. முன்னறைக்கு வந்திருந்த வயரை அப்படியே உருவி, கரண்டுக்கு ஒரு நீள வயரையும் சேர்த்துக்கொண்டு, நடுவீட்டுப் படி வழியாக மேலே இழுத்துக்கொண்டு போய், மிச்சத்தைத் தொட்டி மேலேயே சுருட்டி வைத்தார். மழை பெய்தால்? அதற்கும் அவர் யோசித்திருந்தார். சமையலறைக்குள் போய், ராமாயி அரிசி ஊறப்போடும் பெரிய எவர்சில்வர் போசியை எடுத்து வந்தார். அது ராமாயிக்குத் தாய்வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருக்கும். வயர் நசுங்காமல் இருக்க இரண்டு செங்கல் துண்டு வைத்து, வைஃபை பெட்டியின் மேல் போசியைக் கவிழ்த்து மூடினார். வெயில் பட்டுப் போசி கோபுரக் கலசம் மாதிரி மின்னியது. இரும்பும் எவர்சில்வரும் சிக்னலை வெளியே விடாது, தண்ணீர் குடித்துவிடும், சிமெண்டு தளம் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வைஃபை பெட்டிக்கு உலகத்தில் என்னென்ன எதிரிகள் உண்டோ அத்தனையையும் ஒரே இடத்தில் கூட்டிவைத்துவிட்டு, சென்னிமலை கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதும், தொட்டி மேல் ஏறுவதற்கு வீட்டில் இருந்த ஒரே ஏணியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் சாத்தி வைத்தார். யாராவது ஏறி அசைத்துவிட்டால் பாயிண்ட் தவறிவிடும் அல்லவா?

அதற்குப் பிறகு பின்கட்டு அறையில் மீட்டிங் அறுந்துபோகவில்லை. ஆரம்பிக்கவே இல்லை.

"மாமா, சுத்தமா வர்றதில்லீங்க," என்று மதுமதி போய் நின்றாள்.

"புது போரு கண்ணு. மொதல்ல கலங்கலாத்தான் வரும். ரெண்டு நாள் ஓட உடு, தெளிஞ்சுரும்."

தமிழரசுவைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் கம்ப்ரசர் இரைந்தது. "சித்தப்பா மனசு நோவாமப் பாத்துக்கோ மது. எங்க வண்டிக்கே அவருதான் பாயிண்டு பாத்துக் குடுத்தவரு."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு... ஒண்ணு ரெண்டு எடத்துல," என்றான் தமிழரசு. அவன் அப்போதும் தண்ணீர் வராத வெறும் மண்புழுதியில்தான் நின்றுகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

செல்போன் இணையத்தை வைத்து அவள் சமாளித்துப் பார்த்தாள். பின்கட்டில் மின்னஞ்சல் போனது, முகம் போகவில்லை. ஒரு ஏணி கேட்டு வாங்க முடியாதா என்று கேட்கிறீர்கள். கேட்கலாம். சின்ன மாமனார் கையால் வைத்ததை மருமகள் ஏறி இறக்கினாள் என்ற பேச்சு அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் எத்தனை சீருக்கு, எத்தனை பொங்கலுக்கு ஓடும் என்பதை, அப்படி ஒரு வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். அவள் அழவில்லை. ஆனால் பெங்களூரில் இருந்த பழைய தோழிக்கு, உன் வீட்டுப் பக்கம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினாள்.

ராமாயிக்கு இந்த விஷயத்தில் எதுவுமே புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே சேதி, அரிசி ஊறப்போடப் போசி இல்லை என்பது. தினமும் கொழுந்தனாரைக் கேட்டாள்: "தம்பி, என்ற போசி எப்பங்க வரும்?" தினமும் அவர் சொன்னார்: "தெளியட்டும் அண்ணி." வியாழக்கிழமை காலையில், சின்னச் சின்னப் பாத்திரமாக மூன்றில் அரிசியைப் பிரித்து ஊறப்போட்டுக்கொண்டே, மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான அந்தப் பேச்சு?"

"ஆமாங்க அத்தை."

"அது அந்துபோனா இனியாவக் கூட்டிட்டுப் போயிருவயா?"

ராமாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தெருவில் இறங்கிக் கொழுந்தனார் வீட்டு வாசலில் போய் நின்று, "ஏனுங் தம்பி, டேங்குல பாசி புடிச்சிருக்குது, ஏணியத் தாங்க," என்று கேட்டு வாங்கிவந்தாள். வாழ்க்கையில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. சுத்தமாகவே சொன்னாள்.

மருமகள் ஏறினாள், மாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். போசியைத் தூக்கினால் உள்ளே பெட்டி வெந்த இட்லி மாதிரி சுட்டது. வயர் வந்த வழியிலேயே, படி வழியாக, நடுவீட்டுக்கு இறங்கியது. எங்கே வைப்பது? நடுவீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மதுமதி காலண்டரைக் கழற்றி, அந்த ஆணியில் பெட்டியை மாட்டி, அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டாள். காகிதமும் அட்டையும் சிக்னலை ஒன்றும் செய்யாது. பின்கட்டு அறைக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாக் கோடும் இருந்தன.

"அத்தை, இந்தாங்க உங்க போசி," என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

ராமாயி வாங்கினாள். தன் பெயரை ஒரு தரம் விரலால் தடவினாள். திருப்பிக் கொடுத்தாள். "கொண்டுபோயி இருந்த எடத்துலயே கவுத்து வெச்சுட்டு வா சாமி."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே அத்தை."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்? அவுரு தெருவுல இருந்து நிமுந்து பாத்தா மின்னோணும். போசி போனாப் போவுது. என்ற பேத்தி இங்க இருக்கோணும்."

மதுமதிக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது; அந்த வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால் ஏணியில் ஏறினாள்.

மீட்டிங் ஆரம்பித்து, அவள் தன் பங்கை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சென்னிமலை வந்தார். வெளியில் நின்று தொட்டியைப் பார்த்தார், போசி மின்னியது. உள்ளே வந்து நடுவீட்டில் நின்று போனை உள்ளங்கையில் படுக்க வைத்தார். வைஃபை கோடுகள் முழுசாக எழுந்து நின்றன.

"அண்ணி! இங்க வந்து பாருங்க! தெளிஞ்சிருச்சு! சொன்னனில்ல, ப்ரெஷரு எறங்கும்னு!"

பின்கட்டு அறையில், வெளிநாட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே மதுமதி காதைக் கூர்மையாக்கினாள். அவர் காலண்டருக்கு நேர் கீழே நிற்கிறார் என்பது குரலில் தெரிந்தது.

"இதென்னுங்க, நேத்துத் தேதி இன்னும் கிழிக்காமக் கெடக்குது?" என்றார் சென்னிமலை. எங்கே என்ன தப்பாக இருந்தாலும் கை அங்கே போகும் மனிதர். கை போயிற்று.

மதுமதி ஒரு சொல்லைப் பாதியில் விட்டாள். திரையில் பிரீத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதத் தொட்டுறாதீங் தம்பி!" என்று ராமாயி போட்ட சத்தம் வெளிநாடு வரை கேட்டிருக்கும். "இனியாதான் கிழிப்பா. வேற யாராச்சும் கிழிச்சா ஊட்டையே ரெண்டு பண்ணிருவா."

கை நின்றது. "கொழந்தைங்க இந்தக் காலத்துல..." என்று தலையை ஆட்டியபடி சென்னிமலை காப்பிக்கு உட்கார்ந்தார். மதுமதி விட்ட சொல்லை எடுத்து முடித்தாள். சாயங்காலம் பிரீத்தியிடமிருந்து சேதி வந்தது: நீ அங்கேயே இருக்கலாம், ஆனால் அந்தப் பின்னணிச் சத்தம் என்ன?

அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் வெற்றி பெற்றது யார்? தெரு முழுக்கச் சென்னிமலை நடந்து போய்ச் சொன்னார். கம்பெனியே பெங்களூருக்குக் கூப்பிட்ட பெண்ணை ஒரு போசியால் நிறுத்தினேன் என்றார். எதிர்வீட்டு அமுதவல்லி தன் வீட்டுப் பெட்டியையும் தொட்டிக்கு ஏற்றினாள். இட்லிப் பானையைக் கவிழ்த்தாள். அதற்கடுத்த வீட்டில் குண்டா. மலைக்கோயிலில் இருந்து பார்த்தால் அந்தத் தெரு இப்போது தனியாக மின்னுகிறது.

"வரவே இல்லீங்களே மதுமதி, என்ன பண்றது?" என்று அமுதவல்லி ஒரு நாள் கேட்டாள். மதுமதி சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள், தெருமுனையில் சென்னிமலை நிற்கிறாரா என்று பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "பானை அங்கயே இருக்கட்டுங்கக்கா. உள்ள இருக்கறத மட்டும் எறக்கிருங்க. காலண்டர் எங்க மாட்டியிருக்கறீங்க?" என்றாள். இப்படியே ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போய், அந்தத் தெருவில் எல்லாத் தொட்டி மேலும் பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது, எதற்கடியிலும் எதுவும் இல்லை, எந்த வீட்டிலும் காலண்டரில் சரியான தேதி இல்லை. சென்னிமலை தினமும் மாலையில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறார்.

இதில் நான் கவலைப்படுவது மதுமதியைப் பற்றித்தான். போன வாரம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். உள்ளே நுழைந்தவள் குழந்தையைப் பார்க்கவில்லை, தாய்மாமனைப் பார்க்கவில்லை. சுவரின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். பச்சை விளக்கைக் கண்டுபிடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "இதை யாருங்க இங்க வெச்சது?" என்றாள். பக்கத்தில் நின்ற ராமாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சரி, இப்போது நீங்கள். ஐந்து என்பது சுவர் தாண்டி வெகுதூரம் போகும், இரண்டு புள்ளி நான்கு பக்கத்தோடு நின்றுவிடும் என்று மேலே எழுதியிருந்தேனே, அது தலைகீழ். வேண்டுமென்றேதான் மாற்றி எழுதினேன். அந்த இடத்தைப் படித்ததிலிருந்தே, போர்வெல்லும் போசியும் மனதில் ஏறாமல், "தப்பு, தப்பு" என்று உங்கள் வாய் அரித்துக்கொண்டே இருந்ததா? அப்படியென்றால் நீங்கள் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிக்கவில்லையா? அப்படியே நம்பி, நாளைக்கு யார் வீட்டிலாவது எடுத்துவிடலாம் என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டீர்களா? உங்களுக்கும் ஒரு போசி வேண்டியிருக்கும். வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வெட்டியது வேண்டாம், திரும்பக் கேட்பார்கள்.